கிரீமா, கரண்டா, காத்திருப்பதா: பிறப்புறுப்பு மருவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

பிறப்புறுப்பில் மரு மாதிரி ஏதோ தட்டுப்பட்டதும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடுவது. இரண்டாவது, யாரிடமும் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், கால் ஆணிக்கு விற்கிற மருந்தை வாங்கி வருவது. அந்த இரண்டாவது காரியத்தைத் தடுக்கத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். இந்த மருவுக்கு நல்ல வழிகள் பல இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பது மருவின் அளவையும் இடத்தையும் மட்டும் பொறுத்ததில்லை. நீங்கள் ஹாஸ்டலில் இருக்கிறீர்களா, வீட்டில் உங்களுக்கென்று ஒரு அறை உண்டா, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது. டாக்டரிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவருக்கும் கேட்க நேரமிருப்பதில்லை.

தேர்வுக்குப் போகும் முன் வைரஸைப் பற்றிக் கொஞ்சம். இந்த மருவை உண்டாக்குவது ஹெச்பிவி என்கிற ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். அதில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு, எண் போட்டுத்தான் அடையாளம் சொல்வார்கள். பிறப்புறுப்பு மருக்களில் பத்துக்கு ஒன்பது 6, 11 என்ற இரண்டு வகைகளால் வருகின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு 16, 18 வகைகளால் வருகிறது. ‘மரு வந்துவிட்டது, அடுத்து கேன்சர்தான்’ என்று தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருவைத் தருகிற வகைகள் புற்றுநோயைத் தருவது மிக அபூர்வம்.

இன்னொன்று, எல்லாச் சிகிச்சைக்கும் பொது. இன்றுவரை எந்த மருந்தும் உடம்பிலிருந்து இந்த வைரஸை நேரடியாக விரட்டுவதில்லை. வெளியே தெரிகிற மருவைத்தான் எடுக்கிறோம். வைரஸை அடக்குவது உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருடங்களில் அது நடந்துவிடும். ஆகவே ‘ஒரே ஊசியில் நிரந்தரக் குணம்’, ‘வேரோடு அழிக்கும் லேகியம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

முதலில், அது மருதானா?

சிகிச்சையை ஒப்பிடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. டாக்டரிடம் பயந்துகொண்டு வருகிற பையன்களில் பலருக்கு மருவே இருக்காது. ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி, விளிம்பில் வரிசை பிடித்தாற்போல் ஒரே அளவில் சின்னச் சின்ன முத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பான தோல் அமைப்பு. தொற்று இல்லை, சிகிச்சையும் வேண்டாம். பெண்களுக்கு உள் உதட்டின் உட்புறம் சமச்சீராக, மென்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனி அடியோடு துளிர்த்திருப்பவையும் இயல்பானவைதான். மஞ்சள் புள்ளிகளாகத் தெரிபவை எண்ணெய்ச் சுரப்பிகள். நடுவில் சின்னக் குழியோடு பளபளவென்று இருப்பது வேறொரு வைரஸால் வருகிற பாலுண்ணி வகை, அதற்குச் சிகிச்சை வேறு.

மரு என்றால் பொதுவாகச் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிதாகவும் பக்கத்தில் இரண்டு சிறிதாகவும் இருக்கும். சில காலிபிளவர் மாதிரி கொத்தாக வளரும். வலி பெரிதாக இருக்காது, அரிக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, சிபிலிஸ் என்ற மேகநோயின் இரண்டாம் கட்டத்தில் அதே இடத்தில் ஈரமாக, தட்டையாக, வெளிறிய புடைப்புகள் வரும். பார்ப்பதற்கு மரு போலவே இருக்கும். அதைக் கிரீம் போட்டோ கரண்ட் வைத்தோ எடுத்தால் நோய் உள்ளேயே தங்கி, பிறகு நரம்பையும் இதயத்தையும் தொடும். அதற்கு வேண்டியது பென்சிலின் ஊசி. விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மருவோடு வருகிறவர்களுக்கு விடிஆர்எல், ஹெச்ஐவி இரண்டையும் பார்க்கச் சொல்வது உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல. போனில் படம் எடுத்துத் தானே முடிவுசெய்து மருந்து வாங்குவதில் இருக்கிற பெரிய ஆபத்து இந்த ஒரு நோய்தான். என் வாதத்துக்கு இது ஒன்றே போதும்.

ஆசனவாயில் வருவது தனிக்கதை. அங்கே மரு வந்தால் பலர் மூலம் என்று நினைத்துக்கொண்டு, ‘மூலம் பவுத்திரம்’ போர்டு மாட்டிய இடத்துக்குப் போகிறார்கள். அங்கே களிம்பும் கட்டும் போட்டு மாதங்கள் ஓடிவிடும். ஆசனவாய் வழியாக உறவு வைக்காதவர்களுக்கும் அங்கே மரு வரலாம் என்பதால், டாக்டர் கேட்டால் கூச்சப்படவும் வேண்டாம், கேட்காவிட்டால் மறைக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கிறதா என்று சின்னக் குழல் வைத்துப் பார்ப்பார்கள். இருந்தால் வீட்டுக் கிரீம் உதவாது, அறுவை சிகிச்சை டாக்டரின் வேலை அது.

எங்கே போவது?

நம் நாட்டில் தோல் டாக்டரும் பால்வினை நோய் டாக்டரும் ஒரே ஆள்தான். படிப்பே ஒன்று. முகப்பருவுக்குப் போகிற அதே கிளினிக்கில் இதையும் காட்டலாம். காத்திருப்பவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தனியாரில் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய வசதி.

அரசு ஆஸ்பத்திரியில் பணம் ஒரு பொருட்டே இல்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் பால்வினை நோய்க்கான பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் அதைச் ‘சுகவாழ்வு மையம்’ என்பார்கள். ஹெச்ஐவி பரிசோதனை நடக்கிற ‘நம்பிக்கை மையம்’ பக்கத்திலேயே இருக்கும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோய்க்கான தனி இன்ஸ்டிடியூட்டே இருக்கிறது. இங்கெல்லாம் ஆலோசகர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுவார். தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும் இடங்களில் இந்தப் பேச்சு கிடைக்காது. என்னைக் கேட்டால், பரிசோதனைக்கும் முதல் ஆலோசனைக்கும் அரசு மையம், வேகமாக ஒரே தடவையில் எடுக்க வேண்டுமென்றால் தனியார் என்று இரண்டையும் கலந்துகொள்வதில் தவறில்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதத்துக்கு ஒரு நாள் வந்து தங்கி ‘ரகசிய நோய்’ பார்ப்பவர்கள். அவர்களை நான் தேர்வுகளில் ஒன்றாகவே சேர்க்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தடை கூடுதலாக உண்டு. ரிசப்ஷனிலிருந்து டாக்டர் வரை எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் சொல்லாமல் திரும்பி வந்தவர்கள் பலர். டாக்டருக்கு உண்மையில் தெரிய வேண்டியது உறவு வைத்திருக்கிறீர்களா, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்பதுதான், ஏனென்றால் மருந்தையே அது மாற்றும். “கல்யாணம் ஆகல மேடம், ஆனா ரிலேஷன்ஷிப்ல இருக்கேன்” என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரிடம் போக உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெண் டாக்டர் வேண்டும், அல்லது பரிசோதிக்கும்போது பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமைதான்.

18 வயது நிறையாதவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2012 போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே இருப்பவரோடு பாலுறவு நடந்தது தெரியவந்தால் டாக்டர் அதைப் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதற்குப் பயந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் நம்புகிற பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது கட்டாயப்படுத்தி நடந்திருந்தால் 1098 சிறார் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்களே போடுவது

இமிக்விமோட் 5 சதவீத கிரீம், சின்னப் பாக்கெட்டுகளில் வரும். வாரம் மூன்று இரவு, அதாவது திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கும் முன் மருவின் மேல் மெல்லியதாகத் தடவி, 6 முதல் 10 மணி நேரம் கழித்து, காலையில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். 16 வாரம் வரை போடலாம். இது மருவைக் கரிப்பதில்லை. அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் மெதுவாக வேலை செய்கிறது. அதனால்தான், போன மரு திரும்பி வருவதும் இதில் ஓரளவு குறைவு.

நடைமுறையில் எப்படிப் போகும் என்றால், முதல் வாரம் ஒன்றும் தெரியாது. ‘டூப்ளிகேட் மருந்தோ’ என்று தோன்றும். சில வாரங்களில் இடம் சிவந்து, எரிந்து, சில பேருக்குத் தோல் உரிந்து புண்ணாகும். பயந்துபோய் அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். சிவப்பு என்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். புண் அதிகமானால் சில நாள் நிறுத்தி, ஆறியதும் தொடரலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு. சிலருக்குக் காய்ச்சல் வருவது போல உடம்பு வலிக்கும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்துப் போகவும் வாய்ப்புண்டு. முன்தோல் உள்ளவர்கள் அதைப் பின்னால் தள்ளித் தினமும் கழுவ வேண்டும். கிரீம் தோலில் இருக்கும்போது உறவு கூடாது, காண்டம் ரப்பரை அது பலவீனமாக்கிவிடும்.

இது யாருக்கு? தனி அறையும் பொறுமையும் உள்ளவருக்கு. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கிற ஹாஸ்டலில், பொதுக் குளியலறையில், நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்வது பெரும்பாடு. நடுவில் விட்டுவிட்டால் பலனும் பாதியில் நிற்கும்.

இன்னொரு வீட்டு மருந்து பொடோபில்லோடாக்ஸின் 0.5 சதவீதக் கரைசல். காலை, மாலை மூன்று நாள் போட வேண்டும், நான்கு நாள் விட வேண்டும். இப்படி நான்கு சுற்று வரை. கண்ணாடியை வைத்துப் பார்த்து மருவின் மேல் மட்டும் தொட்டு, காய்ந்த பிறகே உள்ளாடை போட வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் அரை மில்லிக்கு மேல் போகக் கூடாது. இமிக்விமோடை விடச் சீக்கிரம் பலன் தெரியும், ஆனால் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை.

இங்கே கவனம் தேவை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற பொடோபில்லின் என்ற பழைய பிசின் மருந்து வேறு. அது டாக்டர் கையால் போட்டு, ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் கழுவிவிட வேண்டியது. கடையில் மாற்றிக் கொடுத்து, அதை ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் தோல் வெந்துபோகும். அதிகமாக உடம்பில் ஏறினால் நரம்பு வரை பாதிக்கும். சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக வாய்ப்பிருப்பவர்கள் பொடோபில்லினும் பொடோபில்லோடாக்ஸினும் தொடவே கூடாது. இமிக்விமோடையும் தவிர்ப்பதே வழக்கம். யோனிக்கு உள்ளே, ஆசனவாய்க்கு உள்ளே இவற்றில் எதையும் நீங்களாகப் போடக் கூடாது.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கை மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பாலும் எருக்கம்பாலும் சுண்ணாம்பும் வைத்துப் பழகியவர்கள் நம் வீடுகளில் உண்டு. முடியால் கட்டி இறுக்குவார்கள். பிறப்புறுப்பின் தோல் கையின் தோல் இல்லை. எருக்கம்பால் பட்ட இடம் கொப்பளித்து, சீழ் பிடித்து, தழும்பாகி, சிறுநீர் கழிக்க முடியாமல் வருகிற நிலைக்கு அது கொண்டுபோகும். கால் ஆணி மருந்தில் இருக்கிற சாலிசிலிக் அமிலமும் அப்படித்தான். பாட்டியின் கைமருந்தை மதிக்கிறேன், இந்த இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

டாக்டர் கையால் எடுப்பது

அமிலம் வைப்பது நம் ஆஸ்பத்திரிகளில் மிகவும் புழக்கத்தில் உள்ள முறைகளில் ஒன்று. டிசிஏ என்பார்கள், 80 முதல் 90 சதவீதச் செறிவு. மருவைச் சுற்றி நல்ல தோலில் வாசலின் தடவுவார்கள். பல் குத்தும் குச்சியின் நுனியிலோ மெல்லிய பஞ்சுக் குச்சியிலோ அமிலத்தைத் தொட்டு, சொட்டாதபடி மருவின் மேல் வைப்பார்கள். சில விநாடிகளில் மரு பனி படிந்தது போல வெள்ளையாகும். அப்போது சுருக்கென்று எரியும், சில நிமிடங்களில் அடங்கும். அதிகமாக வழிந்துவிட்டால் சோப்பு நீரோ சமையல் சோடாவோ வைத்து அமிலத்தை முறிப்பார்கள். அது காயும் வரை எழுந்து உட்காரக் கூடாது, நீர்போல ஓடி நல்ல தோலில் படும். வாரம் ஒரு தடவை வீதம் சில வாரங்கள் வர வேண்டியிருக்கும். மயக்க ஊசி வேண்டாம், செலவு மிகக் குறைவு, கர்ப்பிணிகளுக்கும் போடலாம். சின்னதாக, ஈரப்பசையான இடத்தில், எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற மருவுக்கு என் முதல் தேர்வு இதுதான். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதை விடப் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் அறைக்கு எடுத்துப் போக எதுவும் இல்லை.

குளிர வைத்து எடுப்பதும் இதே மாதிரிதான். திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. மரு உறைந்து, கொப்புளமாகி, ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும். எரிச்சல் அமிலத்தை விடக் கொஞ்சம் கூடுதல். ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் திரும்ப வைக்க வேண்டும். இதுவும் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. சிக்கல் என்னவென்றால் நைட்ரஜன் கேன் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. கருத்த தோலில் வெள்ளைத் தழும்பு சில மாதங்கள் தங்கலாம்.

அப்புறம் கரண்ட். மின்சூட்டால் சுடுவது, அதன் இன்னொரு வடிவமான ரேடியோ அலைக் கருவி. மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் வலி, கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினால் தாங்கிவிடலாம். முன்கூட்டியே மரத்துப்போகும் களிம்பு தடவச் சொல்லிக் கேட்டால் அதுவும் குறையும். பிறகு கருகுகிற வாசனை மட்டும்தான் தெரியும். அந்தப் புகையில் வைரஸ் இருக்கலாம் என்பதால் டாக்டர் மாஸ்க் போட்டு, புகையை இழுக்கிற குழாயும் வைத்திருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கலாம், நல்ல கிளினிக்குக்கு அது ஒரு அடையாளம். ஒரே தடவையில் எல்லா மருவும் போய்விடும். புண் ஆற இரண்டு, மூன்று வாரம். தழும்பு வர வாய்ப்பு உண்டு, ஆழமாகச் சுட்டால் கூடுதல். வேலைக்கு வெளியூர் போகிறவர், வாரா வாரம் வர முடியாதவர், மரு பத்து இருபது இருப்பவர், காம்பு மாதிரி தொங்குகிற மரு உள்ளவர் இதையோ, கத்தரியால் வெட்டி எடுப்பதையோ கேட்கலாம்.

லேசரைப் பற்றி என் கருத்து வெளிப்படையானது. சிறுநீர்த் துவாரத்துக்குள் இருக்கும் மரு, அடங்காமல் பெருகிய மரு போன்றவற்றுக்கு அது நல்ல கருவி. வெளியே நான்கு மரு இருக்கிற இருபது வயதுக்காரர் பெயரைப் பார்த்து மயங்கி அதற்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. திரும்ப வருவதை லேசரும் தடுப்பதில்லை.

எந்த முறையில் எடுத்தாலும் கணிசமானவர்களுக்கு மரு திரும்ப வரும், பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். வந்தால் டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்றோ, துணை தவறு செய்துவிட்டார் என்றோ அர்த்தமில்லை. பக்கத்துத் தோலில் இருந்த வைரஸ் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். அதே டாக்டரிடம் போங்கள். கரண்ட் வைத்து எடுத்த பிறகு திரும்ப வந்தால் அடுத்து இமிக்விமோட் போட்டுப் பார்ப்பது நல்ல வரிசை. அந்த நாட்களில் அங்கே ஷேவ் செய்யாதீர்கள், பிளேடு மருவைப் பக்கத்துக்குப் பரப்பும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு மரு போவது தாமதமாகிறது, நிறுத்த இது ஒரு நல்ல காரணம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு நியாயமான தேர்வுதான். சிலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குப் பெருகும். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டாக்டர் பார்த்து மருதான் என்று உறுதிசெய்து, ரத்தப் பரிசோதனையும் முடிந்து, மரு சின்னதாக இருந்து, இப்போதைக்கு யாரோடும் உறவு இல்லை என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம். பயத்தால் தள்ளிப்போடுவதற்கு ‘காத்திருக்கிறேன்’ என்று பெயர் வைத்தால் அது வேறு. கர்ப்பத்தில் மரு வேகமாக வளரும். சர்க்கரை நோய், ஹெச்ஐவி போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மரு இருப்பதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை, வழியை அடைக்கிற அளவு பெரிதாக இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு வரும்.

தடுப்பூசியில் எது?

வந்த மருவுக்குத் தடுப்பூசி மருந்தாகாது. ஆனால் இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து காக்கும், அதனால் மரு வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். இன்னும் வராத தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த செர்வாவாக் 2022-இல் அனுமதி பெற்று 2023-இல் வெளிவந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது, 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும். வெளியானபோது ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். கார்டாசில் 9 அந்த நான்கோடு புற்றுநோய் தொடர்பான ஐந்து வகைகளையும் சேர்த்துத் தடுக்கும், ஒரு டோஸ் பத்தாயிரத்தை ஒட்டி. மருவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், 6-ம் 11-ம் இரண்டிலும் இருக்கின்றன. வசதி இருந்தால் ஒன்பது வகை. இல்லாவிட்டால் செர்வாவாக்கைத் தயங்காமல் போடலாம், விலையைப் பார்த்து ஒன்றுமே போடாமல் விடுவதுதான் தவறு. 15 வயதுக்குள் தொடங்கினால் இரண்டு டோஸ், அதற்கு மேல் வழக்கமாக மூன்று.

பழைய செர்வாரிக்ஸ் 16, 18 இரண்டுக்கு மட்டும் எதிரானது. மருவைத் தடுக்காது. பிரிட்டன் 2008-இல் அதோடுதான் பள்ளித் திட்டத்தைத் தொடங்கி, 2012-இல் நான்கு வகைத் தடுப்பூசிக்கு மாறியது. ஆஸ்திரேலியா 2007-இலேயே பெண் பிள்ளைகளுக்கு நான்கு வகைத் தடுப்பூசியைப் போட ஆரம்பித்தது. 2011-க்குள் அங்குள்ள பாலியல் நல மையங்களுக்கு வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் மரு 11.5 சதவீதத்திலிருந்து 0.85 சதவீதமாக விழுந்தது. தடுப்பூசி போடாத அதே வயது ஆண்களிடமும், பெண்களோடு மட்டும் உறவு வைப்பவர்களிடம், 12.1-லிருந்து 2.2-ஆகக் குறைந்தது. இந்த எண்களைப் படித்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் போடலாமா என்று தயங்குகிற பெற்றோரிடம் பேச எனக்குத் தைரியம் வந்தது.

துணையிடம் சொல்வது

காண்டம் ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும். ஆகவே மரு போகும் வரை உறவைத் தள்ளிவைப்பதும், துணையிடம் சொல்வதும்தான் சரி. கல்யாணத் தேதி குறித்தவர்கள் மூன்று நான்கு மாதம் முன்பே சிகிச்சையைத் தொடங்குங்கள். திரும்ப வந்தாலும் எடுக்க நேரம் இருக்கும்.

யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணைக்கு இதில் விடை கிடைக்காது. தொற்றிய பிறகு மரு வெளியே தெரியச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். இப்போதைய உறவுக்கு முன்பே வந்து ஒளிந்திருந்திருக்கலாம். எந்தப் பரிசோதனையாலும் தேதி சொல்ல முடியாது. இதை டாக்டர் வாயாலேயே இருவரும் சேர்ந்து கேட்பது நல்லது.

சொல்வதற்கு நீண்ட பேச்சு வேண்டாம். “எனக்கு மரு வந்திருக்கு, டாக்டர்கிட்ட காட்டிட்டேன், மருந்து எடுக்கிறேன். உனக்கும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோ, ரத்தமும் டெஸ்ட் பண்ணிடலாம், நானும் கூட வர்றேன்.” துணைக்கு மரு இல்லாவிட்டால் அவருக்கு எந்த மருந்தும் வேண்டாம். பெண்ணாக இருந்தால் மருவின் காரணமாகக் கருப்பைவாய்ப் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டியதும் இல்லை, 30 வயதில் எல்லாரையும் போல ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொண்டால் போதும்.